வெறும் நாண்

ஜனவரி 9

அன்புள்ள சிட்டுவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஆண்டவன் தயவில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் முழங்கால் வலி தேவலையா? குளிரில் வெறுங்காலோடு தரையில் நிற்காதே என்று போன தடவையும் எழுதினேன். நீ கேட்கமாட்டாய். இருந்தாலும் எழுதிவிட்டால் எனக்கு ஒரு நிம்மதி.

வருஷத்துக்கு இரண்டு கடிதம் போடுகிற நான் இவ்வளவு சீக்கிரம் அடுத்ததும் போடுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. சிரிக்காமல் படி. எங்கள் தெருக்கோடியில் இடிந்து கிடந்த கிடங்கை எடுத்துவிட்டு, வில் பழகும் மைதானம் ஒன்று திறந்திருக்கிறார்கள். காலையில் பால் வாங்கப் போகும்போது வேலிக்கு அந்தப் பக்கம் அம்பு போய்க் குத்தும் சத்தம் கேட்கும். கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்துவிட்டது. தோளுக்கு நல்லது என்று டாக்டரும் சொன்னார். சொல்லிக்கொடுப்பவரை எல்லோரும் மீசை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர் முகத்தில் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

முதலில் அவர்களே வில் தருவார்களாம். பிறகு சொந்தமாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். சக்கரமும் கம்பியும் வைத்த புது மாதிரி வேண்டாம், மரத்தில் செய்த பழைய மாதிரிதான் வேண்டும். கடைக்குப் போனால் சுவர் முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் வாங்கினாலும் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறவள் நான். வில்லில் எதைத் திருப்பிப் பார்ப்பது என்று தெரியவில்லை. நீ வில் செய்யும் பட்டறையிலேயே இருக்கிறாய். முதல் வில் வாங்குகிறவள் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

உடம்பைப் பார்த்துக்கொள். உனக்காக வேண்டிக்கொள்ளாமல் நான் படுப்பதில்லை.

அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். முழங்காலுக்குத் தைலம் தடவுகிறேன். செருப்பும் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன், நம்புங்கள்.

நீங்கள் எழுதியிருக்கிறபடி சிரிக்காமல்தான் படித்தேன், பாதி வரைக்கும். பிறகு பக்கத்து மேசைக்காரி "என்னடி, காதல் கடிதமா?" என்று கேட்கும் அளவுக்குச் சிரித்துவிட்டேன். அதில் கேலி இல்லை அண்ணி, சந்தோஷம். இங்கே எனக்கு வேலையே, செய்து முடித்த வில்லை இழுத்துப் பார்த்து பிடிக்கு மேலே இருக்கும் மேல்கையும் கீழே இருக்கும் கீழ்கையும் ஒரே மாதிரி வளைகிறதா என்று சொல்வதுதான். யார் கைக்குப் போகும் என்று தெரியாமலே இழுத்துப் பார்ப்பேன். இந்தத் தடவை தெரிந்தே பார்க்கலாம்.

முதலில் ஒன்று. அழகைப் பார்க்காதீர்கள். செதுக்கல், பளபளப்பு, தோல் சுற்றிய பிடி எல்லாம் கடைக்காரருக்காகச் செய்வது. வில்லுக்குப் பாரம் என்று ஒன்று உண்டு. நாணை முழுக்க இழுத்துப் பிடிக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதைப் பவுண்டில் சொல்வார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, பாரம் கூடிய வில்லை வாங்குவதுதான். கொஞ்ச நாளில் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று துண்டாகக் கழற்றும் வில்லாகப் பாருங்கள். பழகப் பழக மேல்கை கீழ்கை இரண்டை மட்டும் மாற்றிப் பாரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

அடுத்தது உங்கள் அளவு. சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நன்றாக நீட்டுங்கள். ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அளந்து, அதை இரண்டரையால் வகுத்து எழுதுங்கள். நீங்கள் எவ்வளவு தூரம் நாணை இழுப்பீர்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அதை வைத்து வில்லின் நீளம் சொல்கிறேன்.

வீட்டில் எல்லோரும் நலம்தானே?

சிட்டு


பிப்ரவரி 5

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.

நீ சொன்னபடியே அளந்தாயிற்று. எழுபத்திரண்டு அங்குலம். இரண்டரையால் வகுத்தால் இருபத்தெட்டே முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வருகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். பாரம் குறைந்த வில்லோடு போய் நின்றால் கூடப் பழகுகிறவர்கள் இளக்காரமாகப் பார்க்கமாட்டார்களா? அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். தலை நரைத்த ஆள் குழந்தை வில்லைப் பிடித்துக்கொண்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? இதையும் யோசித்து எழுது.

மழை வரும்போல் இருக்கிறது. மாடியில் துணி காய்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

நலம்.

கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். ஆளைத்தான் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். ஒருவர் எவ்வளவு உயரமோ கிட்டத்தட்ட அவ்வளவுதான் விரித்த கைகளின் நீளமும் இருக்கும். நீங்கள் மேல் அலமாரியைத் திறக்க ஸ்டூல் போட்டு ஏறுகிறவர். எழுபத்திரண்டு அங்குலம் நீளும் கைகள் அந்த வீட்டில் ஒருவருக்குத்தான் உண்டு.

உங்கள் வீட்டுக்காரருக்கா என்னிடம் வில் கேட்கிறீர்கள்?

நீங்கள் அந்த வீட்டுக்கு வந்த புதிது. நடந்ததைப் பாதிதான் பார்த்திருப்பீர்கள். அப்போது என்னிடம் ஒரு வில் இருந்தது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பணம் சேர்த்து வாங்கியது. போட்டிக்குப் போகவேண்டிய அன்று காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கட்டிலில் இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். "நான் ஒண்ணும் பண்ணல. சும்மா இழுத்துப் பார்த்தேன், தானா உடைஞ்சிடுச்சு" என்றார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை.

வில்லைத் தொடுகிற யாருக்கும் முதலில் சொல்லித்தருவது, அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடக்கூடாது என்பதைத்தான். அம்பு கொண்டுபோக வேண்டிய வேகம் முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பி மரத்தைப் பிளந்துவிடும். ஒரு வில்லைக் கொல்ல அரிவாள் வேண்டாம், அது போதும். நான் போட்டிக்குப் போவது அவருக்குப் பிடிக்கவில்லை. முதல் நாள் ராத்திரி அதற்காக வீடே அதிரக் கத்தினார். மறுநாள் வில் தானாக உடைந்துவிட்டதாம். உடைத்ததைக்கூட ஆறப்போட்டிருப்பேன். என்னை ஒன்றும் தெரியாதவளாக நினைத்துச் சொன்ன பொய்யைத்தான் பொறுக்கமுடியவில்லை. அந்த மாதமே இந்த ஊருக்கு வந்துவிட்டேன்.

அவருக்கு வில் தேர்ந்தெடுத்துக் கொடுக்க என்னால் முடியாது. உங்கள் மேல் கோபம் இல்லை. உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சிட்டு


மார்ச் 3

அன்புள்ள சிட்டுவுக்கு,

நான் பொய் எழுதினேன். ஆசை என்னுடையது இல்லை, டாக்டர் சொன்ன தோளும் என்னுடையது இல்லை. சாமி முன்னால் உட்கார்ந்து எழுதிய கடிதத்தில் பொய் எழுதிவிட்டு எப்படித் தூங்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. கேட்டது உன் அண்ணனுக்காகத்தான்.

நான் அவருக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

டாக்டர் தோளுக்கு ஏதாவது பயிற்சி செய்யச் சொன்னார். இவர் வேலியோரம் போய் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் உள்ளே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். முதல் வகுப்பு அன்று காலையில் போனவர் அரை மணியில் திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார். காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கையில் வாங்கி அப்படியே வைத்திருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"வெறும் நாணை இழுத்து விடக்கூடாதாம். விட்டா வில்லு ரெண்டாப் போயிடுமாம். மீசை சொல்றார்" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, விடாம இருங்க" என்றேன்.

"நான் அன்னைக்கு வெறும் நாணைத்தான் விட்டேன்" என்றார். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, "தானா உடைஞ்சுதுன்னு அவகிட்ட நிஜம்னு நினைச்சுத்தான் சொன்னேன். அது பொய்யாயிடுச்சு" என்றார். காபி ஆறிவிட்டது.

இத்தனை வருஷம் உன் வில்லிலேயே ஏதோ கோளாறு என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். கடையில் உன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். அதை உனக்கு எழுதியிருக்கலாம். நம் கடிதங்களில் நீ அவரைப் பற்றிக் கேட்கமாட்டாய், நானும் எழுதமாட்டேன். அதுவே பழகிவிட்டது.

மறுநாள் போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். பிறகு ஒரு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முதல் வில்லு எப்படி வாங்கணும்னு தெரிஞ்சவங்க யாராவது சொன்னா நல்லது" என்றார். நமக்குத் தெரிந்தவர்களில் வில் தெரிந்தவர் உன்னைத் தவிர யார் இருக்கிறார்? சட்டைக்கு அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி அவரைச் சுவரோரம் நிறுத்தினேன். எந்தச் சட்டைக்கு இப்படி விரல் நுனிவரை அளப்பார்கள்? அவர் ஒன்றும் கேட்கவில்லை. அசையாமல் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

எழுத வேண்டும் என்றால் எழுது. வேண்டாம் என்றாலும் உனக்காக நான் வேண்டிக்கொள்வது நிற்காது.

அண்ணி


ஏப்ரல் 12

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலம். நீ நலமா? கடிதம் கிடைத்ததா என்று கேட்க மனம் வரவில்லை. கிடைத்திருக்கும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. நம் வீட்டு வாசல் கேட் நினைவிருக்கிறதா? தபால்காரர் வருகிற நேரம் பார்த்து இவர் தினமும் அதன் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிறார். இப்போது அது கை பட்டாலே வழுக்குகிறது. நேற்றோடு எண்ணெய்க் கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டார்.

வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனார். ஒரு வில் வாங்கி வந்திருக்கிறார். கறுப்பு மரம், நடுவில் தோல் சுற்றியது. நீ எதெல்லாம் பார்க்காதே என்று எழுதியிருந்தாயோ அதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை, என் பொய் வெளியாகிவிடும் என்று. பாரம் நாற்பத்தைந்து பவுண்டாம். கடைக்காரர் "உங்க உயரத்துக்கு இதுதான் சார் எடுப்பா இருக்கும்" என்றாராம். முந்தாநாள் வரை மைதானத்தில் பிள்ளைகள் வில்லைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலையில் தலை சீவ வலது கையைத் தூக்க முடியவில்லை. ஒன்றுமில்லை என்கிறார். நான் சீவி விட்டேன்.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரிக்கு மேல் போகவில்லை. அதனால்தான் தாமதம். மன்னியுங்கள்.

மார்ச் மாதக் கடிதத்தை முதலில் நம்பவில்லை. தெரியாமல் எப்படி இருக்கும், வில்லென்றால் யாருக்கும் தெரிந்த விஷயமாயிற்றே என்றுதான் நினைத்தேன். பிறகு யோசித்தேன். யாருக்கும் என்றால் யாருக்கு? வில் பிடித்தவர்களுக்குத் தெரியும். எனக்குப் பயிற்சி கொடுத்தவர் சொல்லித் தெரியும். வீட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. வில் என்ற பேச்சை எடுத்தாலே அவர் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து போய்விடுவார். அதனால் எடுப்பதே இல்லை. கட்டிலுக்கு அடியில் போர்வை சுற்றி வைத்திருந்தேன். தெரிந்துகொள்ள அந்த வீட்டில் வழியே இல்லை.

இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு மாதம் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் இப்போது எதுவும் எழுத வரவில்லை.

அந்த வில்லை அவர் தொடவே கூடாது. இது கோபத்தில் சொல்வதில்லை. தோள் மூட்டில் தசை கிழிந்துவிட்டால் பிறகு சட்டை மாட்டக்கூட ஒருவர் கூடவே இருக்க வேண்டும். என்ன வாங்கலாம் என்று தெரிய வேண்டுமானால் அவரே எனக்கு எழுதட்டும். நீங்கள் அளந்து, நீங்கள் கேட்டு, நீங்கள் பொய் சொல்லி, இது போதும் அண்ணி. நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள்.

சிட்டு


ஜூன் 6

சிட்டுவுக்கு,

இங்கு நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

உன் அண்ணி உன் கடிதத்தைக் காட்டினாள். எழுதச் சொல்லியிருக்கிறாய். கீழ்க்கண்டவற்றுக்குப் பதில் வேண்டும்.

நான் வாங்கிய வில்லை முழுக்க இழுக்க முடிகிறது. பிடித்து நிறுத்த முடியவில்லை. ஒரு மூச்சு விடுவதற்குள் கை உதறுகிறது. மீசையிடம் காட்டினேன். "இது உங்களுக்கில்ல சார், உங்க பேரனுக்குப் பேரன் பொறந்தா அவனுக்கும் இல்ல" என்கிறார். கடையில் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார்கள். கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதில் பாரத்தைக் குறைக்க வழி உண்டா? இல்லையென்றால் என் வயதுக்கும் தோளுக்கும் எத்தனை பவுண்டு? என்ன நீளம்? கடையில் நிற்கும்போது நல்ல வில், கெட்ட வில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்னொன்று. வெறும் நாணை விடக்கூடாது என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் உன் வில்லைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத முடியவில்லை. அன்று நான் அதை எடுத்தது கோபத்தில்தான். இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற கோபம். இழுத்தேன், விட்டேன். சத்தம் கேட்டது. பயந்துபோய்ச் சொன்னதுதான் அந்த வார்த்தை.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அண்ணி கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

அண்ணன்


ஜூன் 21

அண்ணா,

முழங்கால் பரவாயில்லை. உன் தோளுக்கு ஒரு மாதம் முழு ஓய்வு கொடு. பிறகு கீழே எழுதியிருப்பதைச் செய்.

பாரத்தைக் குறைக்க முடியும், மரத்தைச் சீவ வேண்டும். அந்த வில்லில் சீவினால் பாழாகிவிடும். வேறொன்று வாங்கு. இருபது பவுண்டு போதும். பிள்ளைகள் வில் போல இருக்கிறதே என்று கூசாதே. நீளம் அறுபத்தெட்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. உன் கைக்குக் குட்டை வில் எடுத்தால் இழுக்கும்போது நாண் விரலைக் கடிக்கும். மூன்று துண்டாகக் கழற்றுவதாக இருக்கட்டும். கடையில் நாணைப் பூட்டித் தரச் சொல்லி, வில்லை ஒரு நுனியிலிருந்து கண்ணுக்கு நேரே வைத்துப் பார். நாண் வில்லின் இரண்டு கைகளுக்கும் நட்ட நடுவில் ஓட வேண்டும். ஒதுங்கி ஓடினால் முறுக்கிய வில், வேண்டாம். பிறகு ஒரு துண்டுப் பஞ்சால் வில்லை மேலிருந்து கீழ்வரை தடவு. எங்காவது இழை சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. கடைசியாக இழுத்துப் பிடி. பக்கத்தில் நிற்பவரிடம் சாதாரணமாகப் பேசிக்கொண்டே பிடிக்க முடிந்தால் அதுதான் உன் வில். இறக்கும்போது மெதுவாகத் திரும்பக் கொண்டுவா. இதைச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் கோபத்தில் எடுத்தேன் என்ற இடத்தைத்தான் பல தடவை படித்தேன். தெரியாமல் செய்தேன் என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் இந்தப் பதில் வந்திருக்காது. கோபம் உன்னுடையது. உடைந்தது உனக்குத் தெரியாமல். இரண்டையும் இப்போது என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிகிறது. மன்னித்தேன் என்று எழுத இன்னும் கை வரவில்லை. வராததை எழுதமாட்டேன், நீயும் எதிர்பார்க்காதே.

கடைக்காரரிடம் கெஞ்சுவதை நிறுத்து. அந்த நாற்பத்தைந்து பவுண்டு வில்லை எனக்கு அனுப்பிவிடு. நாள் முழுக்க வில்லை இழுத்துப் பார்த்து அடுத்தவர் கையில் கொடுப்பதுதான் என் பிழைப்பு. எனக்கென்று ஒரு வில்லை அந்தக் காலைக்குப் பிறகு நான் வைத்துக்கொள்ளவில்லை.

சிட்டு


ஜூலை 28

அன்புள்ள சிட்டுவுக்கு,

வில் இன்று கிளம்பிவிட்டது. பெட்டி கட்டும் வேலையில் இவர் என்னைக் கிட்டவே சேர்க்கவில்லை. அட்டை, பஞ்சு, பழைய போர்வை எல்லாம் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாடா கிழிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு எந்தச் சத்தமும் இல்லை. போய்ப் பார்க்கலாமா என்று எழுந்தேன். வேண்டாம் என்று மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கென்று வில் இல்லை என்பது எனக்குத் தெரியாது. வில்லுக்கு நடுவிலேயே இருக்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன். இத்தனை கடிதம் எழுதியும் கேட்கத் தோன்றவில்லை, பார்.

புது வில் இருபது பவுண்டு. பஞ்சு கொண்டுபோய்த் தடவிப் பார்த்து, கடைக்காரர் முகம் சுளிக்கச் சுளிக்க மூன்று வில்லைத் தள்ளிவிட்டு, நான்காவதை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதம் முடிந்து நேற்றுதான் மைதானத்துக்குப் போனார். பக்கத்தில் நின்ற சின்னப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, என்னோடது உங்களோடதைவிட வெயிட்டு" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லி, தானே சிரித்துக்கொண்டார். தலை அவரே சீவிக்கொள்கிறார்.

பெட்டி வந்ததும் ஒரு வரி போடு. ஆண்டவன் துணை.

அண்ணி


ஆகஸ்ட் 4

அண்ணா,

பெட்டி வந்தது. நீ சுற்றிய நாடாவைப் பிரிக்கவே பாதி மதியம் போயிற்று. ஒரு கீறல்கூட விழவில்லை.

வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு நாணைப் பூட்டினேன். முதல் அம்பு இலக்குக்கு மேலே போய்ப் பின்பக்கத்து மண்மேட்டில் புதைந்துவிட்டது. இருட்டுவதற்குள் தேடி எடுத்தேன். இரண்டாவது அம்பு விடவில்லை. நாணைக் கழற்றி வில்லை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். நாளைக்கு விடலாம், என்னிடம்தானே இருக்கிறது.

உன் வில்லை அண்ணி எழுதியதை வைத்துச் சரி, தப்பு என்று சொல்ல முடியாது. நீ இழுக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மாதக் கடைசியில் எனக்கு நான்கு நாள் லீவு இருக்கிறது. வெளியாட்களை உங்கள் மைதானத்தில் விடுவார்களா என்று மீசையிடம் கேட்டு எழுது. விடமாட்டார்கள் என்றாலும் பரவாயில்லை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

சிட்டு